படத்துக்கு வெளியே ஒரு கை

அத்தியாயம் 17

நாற்பத்தொரு படங்கள். நாற்பது ஒப்புதல் கடதாசிகள்.

எத்தனை தடவை எண்ணினாலும் அப்படித்தான் வந்தது. புதன்கிழமை மாலை கோப்பை மூடும்போது இராஜகுமாரியின் மனதில் தைத்த முள், வியாழக்கிழமை காலையிலும் எடுபடவில்லை. கண்டி, கொழும்பு வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருந்த வாடகை அறையின் தரை முழுக்கப் படங்களைப் பரப்பிவிட்டு, அவற்றுக்கு நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள்.

நம் வாசகர்களுக்கு இந்தப் படங்கள் புதிதல்ல. அவளுடைய கணவன் அழகர், கல்யாண வீடுகளில் படம் எடுத்துச் சம்பாதித்ததையெல்லாம் பெற்றோலுக்குக் கொட்டி, ஆறு வருடமாக ஹந்தானையிலும் ஹுன்னஸ்கிரியவிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி எடுத்தவை. நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. எடுத்தது அவன், பொறுக்கியது இவள். கொழும்பில் ஒரு பத்திரிகையில் ஒன்பது வருடம் பக்கம் கட்டியவள். நாலாயிரம் நாற்பத்தொன்றாகச் சுருங்குவதற்குள் புருஷன் பெண்சாதிக்கு இடையே எத்தனை நாள் பேச்சு நின்றுபோனது என்பதும் நமக்குத் தெரியும்.

சனிக்கிழமை கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை இணைப்பில் இரண்டு முழுப் பக்கம். இன்று மாலை ஆறு மணிக்கு இணையத்தளம். ஒரே பிள்ளையை மூன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சீருடை தைக்க வேண்டும். ஆனால் மூன்றுக்கும் முதல் படம் ஒன்றுதான்.

அந்த முதல் படத்துக்குத்தான் கடதாசி இல்லை.

படத்தில் இருந்தவள் அழகரின் அக்கா புஷ்பம். மூன்று வருடத்துக்கு முன் ஹந்தானையில் லயம் எரிந்த அன்று எடுத்தது. பின்னால் கரும்புகை. அவிழ்ந்த தலைமுடி, தோளில் போர்த்திய துவாய், அகலத் திறந்த வாய். நெஞ்சுக்குக் கீழே படம் இல்லை. இந்த ஒரு படத்தைக் காட்டித்தான் மண்டபமும் கிடைத்தது, பத்திரிகையில் இடமும் கிடைத்தது. அதற்கு 'எல்லாம் எரிந்த பின்' என்று தலைப்பு வைத்தவள் இராஜகுமாரி.

"அண்ணிகிட்ட மட்டும் ஏன் கையெழுத்து வாங்கல?" என்று கேட்டாள்.

பிளேன்டீ கோப்பையோடு ஜன்னலோரம் நின்ற அழகர் திரும்பாமலே பதில் சொன்னான். "அக்காதானே."

"அக்கான்னா?"

"அக்கான்னா அக்கா. கூடப் பொறந்தவ முன்னால கடதாசிய நீட்டி, 'இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு'ன்னா ஊரு காறித் துப்பும். 'என்னையே நம்பலியாடா'ன்னு கேப்பா."

அவன் சொன்னதில் பொய்யில்லை. இந்தச் சனத்துக்குக் கடதாசி என்பது தோட்டத்து ஆபீசுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் தொழிற்சங்கத்துக்கும் உரியது. சொந்த இரத்தத்திடம் கையெழுத்துக் கேட்டால், உறவை அறுத்துக்கொள்ள வந்திருக்கிறாய் என்றுதான் அர்த்தம். ஹுன்னஸ்கிரியவில் ஒரு பெரியவரின் கைநாட்டுக்காக மூன்று தடவை மலையேறிய மனிதன், சொந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதன் இரகசியம் அவ்வளவுதான்.

ஆனால் இராஜகுமாரியால் இதை விட முடியாது. கொழும்பில் வேலை செய்த காலத்தில், வெள்ள முகாமில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படத்தை முதல் பக்கத்தில் போட்டவள் அவள். மறுநாள் அந்தப் பெண் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி காரியாலய வாசலுக்கே வந்துவிட்டாள். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" கேட்டது அவ்வளவுதான். அந்த வேலையை விட்டதற்கு ஊரில் ஆயிரம் காரணம் சொல்வாள். உண்மைக் காரணம் அந்தப் பெண்தான்.

"நான் ஹந்தானைக்குப் போயிட்டு வர்றேன்," என்று எழுந்தாள்.

"போய்க் கேட்டா அக்கா வேணாம்னு சொல்லிரும். அப்புறம் ஆறு வருஷமும் ஆத்துல கரைச்ச புளிதான்."

"வேணாம்னு சொன்னா போட மாட்டோம்."

"லேசாச் சொல்லிட்ட. எடுத்தவன் நான்."

"எடுத்தது நீங்க. அதுல நிக்கிறது அண்ணி."

அழகர் கோப்பையை வாயில் வைத்தான். கையிலிருந்த பிளேன்டீ ஆறிப்போயிருந்தது.

படியிறங்கும்போதே இராஜகுமாரி கொழும்புக்குப் போன் போட்டாள். இணைப்பு ஆசிரியர் சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்து மனிதர். நல்லவர், ஆனால் கடிகாரத்துக்குப் பிறந்தவர்.

"ஓம் தங்கச்சி, விளங்குது. ஆனா மூண்டு மணிக்கு மேல என்னால பிடிச்சு வைச்சிருக்க ஏலாது. இணைப்பு இண்டைக்குப் பின்னேரமே அச்சு மெஷினுக்குப் போகுது. பிறகு நான் நல்லூருக்குக் காவடி எடுத்தாலும் நிக்காது."

"மூணு மணிக்குள்ள சொல்லிர்றேன் அண்ணா."

முச்சக்கர வண்டி ஹந்தானை ஏற்றத்தில் முக்கி முனகிப் போய்ச் சேர்ந்தபோது பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் பெண்கள் கொழுந்து மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். புஷ்பம் தராசுக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஈரக் கொழுந்து என்று இரண்டு கிலோ கழித்துவிட்டானாம். "மழை பேஞ்சா கொழுந்து நனையாம, நீ நனைவியா?" என்று கேட்டு வரிசையையே சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"என்ன குமாரி, இந்த நேரத்துல? தம்பிக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்லண்ணி. ஒங்ககிட்ட ஒரு விசயம் கேக்கணும்."

மடுவத்துக்குப் பின்னால், தண்ணீர் கொட்டும் பீலியடிக்குப் போனார்கள். இராஜகுமாரி உறையிலிருந்து படத்தை உருவி நீட்டினாள். புஷ்பம் கையைக் கழுவி, படங்கில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இடுப்பில் கட்டிய அந்தச் சாக்குத் துணியிலிருந்து பச்சைக் கொழுந்து வாசம் வந்தது. அழகர் ஒரு தடவை போனில் காட்டியிருக்கிறானாம். வெயிலில் ஒன்றும் தெரியவில்லையாம். இவ்வளவு பெரிதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

புஷ்பம் நெடுநேரம் பார்த்தாள். இராஜகுமாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கலைந்த முடியைச் சொல்லப்போகிறாளா, துவாயைச் சொல்லப்போகிறாளா? வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்பதைக்கூட வரும் வழியில் முடிவு செய்து வைத்திருந்தாள். ஆனால் புஷ்பம் கேட்ட கேள்வியை அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"என் கை எங்க?"

"கையா?"

"இந்தக் கை. சோத்துக் கை. இப்படித் தூக்கிக்கிட்டு நின்னேனே." புஷ்பம் வலது கையை இடுப்புக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். "இதுல ஒரு பை இருந்துச்சு. ரோஸ் கலர் பொலித்தீன் சிலிசிலிப் பை. அதை எங்க வெட்டிட்டான்?"

"என்ன பை அண்ணி?"

"வாணியோட பை," என்று மகளின் பெயரைச் சொன்னாள் புஷ்பம். "உயர்தரப் பரீட்சைக்கு ஒம்பது நாளு இருந்துச்சு. நோட்டு, அனுமதி அட்டை, அடையாள அட்டை எல்லாத்தையும் அதுலதான் போட்டு ஆணியில மாட்டி வச்சிருந்தா. வெளிய ஓடி வந்தப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. திரும்ப உள்ள போயி எடுத்துக்கிட்டு வந்தேன்."

"எரியிறப்பவா?"

"பின்ன, எரிஞ்சு முடிஞ்சா போவாங்க?" புஷ்பம் படத்தில் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். "நான் அழுவுறேன்னு நெனச்சீங்களா எல்லாரும்? அழுவல குமாரி. ரோட்டுக்கு அந்தாண்ட அவ நெஞ்சுல அடிச்சுக்கிட்டு நிக்கிறா. 'கெடச்சிருச்சுடி, பை கெடச்சிருச்சு'ன்னு கத்துறேன்."

இராஜகுமாரிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இரண்டு வருடம். இரண்டு வருடமாக இந்தப் படத்தை மேசையில் வைத்துப் பார்த்தவள் அவள். 'எல்லாம் எரிந்த பின்' என்று கண்ணீர் வரத் தலைப்பும் எழுதினாள். எரிகிற வீட்டிலிருந்து ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டு நின்றவளை, எல்லாம் போய்ப் புலம்புகிறவளாக ஆக்கி வைத்திருந்தார்கள் புருஷனும் பெண்சாதியும்.

"கையோட போட்டா போடு," என்றாள் புஷ்பம். "தலைவிரி கோலமா நிக்கிறதப் பத்தி எனக்குக் கவலையில்ல. எரியிற வீட்டுலருந்து யாரு பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வருவா? ஆனா கை இல்லாம எங்கயும் போடாத. செவுத்துலயும் சரி, பேப்பர்லயும் சரி, போன்லயும் சரி."

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா அண்ணி? கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க."

"கொண்டா. தம்பிதான் வெக்கப்படுவான். எனக்கென்ன வெக்கம்?"

ஒப்புதல் கடதாசியில் 'கையோடு மட்டும்' என்று இராஜகுமாரி எழுத, அதன் கீழே 'க. புஷ்பம்' என்று நிதானமாக எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கடதாசியின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வாணிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க. பை அவளோடது. பேராதனை கேம்பஸ்ல அவ டவுன் புள்ளைன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது."

"கேட்டுர்றேன் அண்ணி."

"நானே கேட்டிருவேன். ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு அழுவா." புஷ்பம் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள்.

இறங்கும் வழியில் இராஜகுமாரி வாணிக்கு இரண்டு தடவை அழைத்தாள். கோகிலவாணி, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பகலில் விரிவுரை, போன் அணைந்திருந்தது.

அறைக்கு வந்து சேரும்போது ஒன்றே முக்கால். அழகர் கணினி முன்னால் இருந்தான். அவன் முகம் சரியில்லை. இராஜகுமாரிக்கு அதைக் கவனிக்க நேரமில்லை.

"வெட்டாத படத்தை எடுங்க."

"எந்தப் படம்?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. அண்ணியோட கை இருக்கிற படம்."

அவன் பழைய வன்தட்டை மாட்டினான். படம் திரையில் விரிந்தது. அதே புகை, அதே முகம். ஆனால் பக்கவாட்டில் ஒரு முழுக் கை நீண்டிருந்தது. அதன் நுனியில், சாம்பல் நிறம் படிந்த அந்த உலகத்தில், கண்ணைக் குத்துகிற ரோஸ் நிறத்தில் ஒரு பை.

"ஏன் வெட்டினீங்க?"

"அந்தப் பை கண்ணைக் கெடுத்துச்சு குமாரி. அவ்வளவு சோகத்துக்கு நடுவுல, புடைவைக் கடை விளம்பரம் மாதிரி..." அவன் குரல் தேய்ந்தது. "உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கல."

"நானுந்தான் கேக்கல," என்றாள் அவள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அநியாயம் பேச அவளுக்கு வராது.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததைப் போர் என்றுதான் சொல்ல வேண்டும். கண்காட்சிப் படத்துக்குச் சிக்கலில்லை. அச்சகத்தில் அகலத்தைக் கூட்டச் சொன்னால் முடிந்தது. பத்திரிகையில்தான் முட்டிக்கொண்டது. அங்கே ஒதுக்கியிருந்த இடம் உயரமானது, ஒடுங்கலானது. முகம் அடங்கும், கை அடங்காது.

"தங்கச்சி, குறுக்காப் போடுறதெண்டால் கீழ இருக்கிற ரெண்டு படமும் போகும்," என்றார் சுந்தரலிங்கம். "கட்டுரையிலயும் முந்நூறு சொல்லுக் குறைக்க வேணும்."

"போகட்டும் அண்ணா. குறைச்சு அனுப்புறேன்."

"எனக்கெண்டால் முந்தின படம்தான் வலு. அந்தப் பை கொஞ்சம்..."

"பைதான் படம் அண்ணா."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அனுப்புங்கோ" என்றார்.

கழித்த இரண்டு படங்களும் அழகர் உயிரை விட்டு எடுத்தவை. அவற்றை அவனே பக்கத்திலிருந்து எடுத்தான். இராஜகுமாரி முந்நூறு சொல்லை வெட்டினாள். 'எல்லாம் எரிந்த பின்' என்பதை அழித்துவிட்டு, 'பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது' என்று எழுதினாள். கடிகாரம் இரண்டு ஐம்பத்தைந்து காட்டியது. வாணிக்கு மறுபடி அழைத்தாள். போன் இன்னும் அணைந்தே இருந்தது.

அனுப்புகிற பொத்தானின் மேல் விரலை வைத்தபடி அவள் ஒரு கணம் யோசித்தாள். நம்ம வாணிதானே, சொன்னால் விளங்கிக்கொள்ளும் என்று நினைத்தாள். பக்கத்தை அனுப்பிவிட்டாள்.

நாலு மணிக்கு நஸீம் வந்தான். அக்குறணைப் பையன்; இணையத்தள வேலை முழுக்க அவன் கையில். வந்ததும் வராததுமாக உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, போன்ல திறந்தா இது தானாவே சதுரமா வெட்டுப்படுது. கையும் போகுது, பையும் போகுது."

"வெட்டுப்படக் கூடாது நஸீம். கையோட மட்டும்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கேன்."

"ஒரு வழி ஈக்கு. மேலயும் கீழயும் கறுப்புக் கரை விட்டா முழுசா வரும். ஆனா சின்னதாத்தான் வெளங்கும்."

"சின்னதா இருந்தாலும் முழுசா இருக்கட்டும்."

ஒரு மணி நேரத்துக்கு மேல் தலையைக் குனிந்து வேலை செய்தார்கள். ஐந்தரை மணிக்கு நஸீம் தன் போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அழகரைப் பார்த்தான், இராஜகுமாரியைப் பார்த்தான். போனை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அழகரின் சொந்தப் பக்கம். வெட்டிய படம். முகம், புகை, திறந்த வாய். 'எல்லாம் எரிந்த பின். சனிக்கிழமை வாருங்கள்.' முற்பகல் பதினொன்றரைக்குப் போட்டது. அறுநூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள்.

"நான் மலையேறிக்கிட்டு இருக்கிறப்ப போட்டீங்களா?"

"நீ நிப்பாட்டிருவன்னு பயந்துட்டேன்." அழகர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். "நீ வந்து முழுப் படத்தைக் கேட்டப்பவே எடுத்திருக்கணும். எப்படி வாயைத் தொறக்கிறதுன்னு தெரியல குமாரி."

"இப்பவே எடுங்க. எடுத்துட்டு, ஏன் எடுத்தோம்னு ஒங்க பேருலயே எழுதுங்க. பகிர்ந்தவங்களுக்கும் அனுப்புங்க."

அவன் எடுத்தான். ஆனால் அறுநூறு பேரின் கைக்குப் போனதை முழுதாகத் திரும்ப வாங்க முடியுமா என்ன? இராஜகுமாரி அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்தாள். அதற்குள் அவள் போன் அடித்தது. வாணி.

"அத்தை..." அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "மாமா போட்ட படம் விடுதி முழுக்கப் போயிருச்சு. ரூமுல இருக்கிறவ போனைக் காட்டி, 'பாவம், இந்தப் பொம்பளைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோ, ஒனக்கு இவங்களைத் தெரியுமா'ன்னு கேட்டா. நான்... தெரியாதுன்னு சொல்லிட்டேன் அத்தை. எனக்காக நெருப்புக்குள்ள போன எங்கம்மாவை, தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

இராஜகுமாரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அழாதம்மா. முழுப் படம் இருக்கு. பையோட இருக்கு. அதைத்தான் போடப்போறோம்."

"இப்பப் போடாதீங்க அத்தை. கெஞ்சிக் கேக்குறேன். நான் இப்பவே வீட்டுக்குப் போறேன். நான் சொன்னதை அம்மாகிட்ட நானே சொல்லணும். அப்புறம் ரூமுல இருக்கிறவகிட்டயும் 'இது எங்கம்மா'ன்னு நானே சொல்லணும். என் வாயால சொல்றதுக்கு முந்தி பேப்பர்ல வந்துச்சுன்னா, பேப்பரைப் பார்த்துத்தான் ஒத்துக்கிட்டேன்னு ஆயிரும். பேப்பருக்கு இன்னும் குடுக்கலதானே?"

அழகர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். காலையிலிருந்து நேருக்கு நேராக அவன் பார்த்தது இப்போதுதான். 'அக்காதானே' என்று அவன் சொன்னதற்கும் 'நம்ம வாணிதானே' என்று அவள் நினைத்ததற்கும் ஒரு எழுத்து வித்தியாசமில்லை. உபதேசம் ஊருக்குத்தான் என்று யாராவது காதில் சொன்னதுபோல் இருந்தது அவளுக்கு.

"வாணி, ஒன்கிட்ட மறைக்க மாட்டேன். மூணு மணிக்கே குடுத்துட்டேன். ஒன்னைக் கேக்காமக் குடுத்துட்டேன்."

மறுமுனையில் அழுகை நின்றது.

"அம்மா என்னைக் கேக்கச் சொல்லலியா அத்தை?"

"சொன்னாங்க."

இணைப்பு அறுந்தது.

நஸீம் இணையத்தளத்தை வெளியிடாமல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். ஆறு மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. இராஜகுமாரி கோப்பைத் திறந்து, ஒரு வெறும் ஒப்புதல் கடதாசியை உருவி, அதன் தலையில் கோகிலவாணி என்று எழுதினாள். அழகர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஹந்தானைக்குப் போக மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

அவன் படியிறங்கும் சத்தம் கேட்கக் கேட்க, அவள் கொழும்புக்கு அழைத்தாள். ஐந்தாவது தடவை மணி அடித்தபோது சுந்தரலிங்கம் எடுத்தார்.

"ஓம் தங்கச்சி, சொல்லுங்கோ! பலத்துக் கதையுங்கோ, ஒண்டும் கேக்குதில்லை!"

அவருடைய குரலுக்குப் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க அண்ணா!" இராஜகுமாரி எழுந்து நின்று, கீழே புடைவைக் கடைக்காரர்கள் அண்ணாந்து பார்க்கும்படி கத்தினாள். "மெஷினை நிப்பாட்டுங்க!"